நாட்பட்ட லைம் நோய்க்குக் குறைந்த மின்திறன் கருவி: எதை வாங்குவது? உள்ளங்கையில் புண் வந்தது எதனால்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வசிக்கிறோம். வீட்டின் பின்புறம் காட்டை ஒட்டியிருக்கிறது. வேலியோரத்தில் என் மனைவி அவரையும் பாகலும் போட்டு வளர்க்கிறார். 2022 ஜூன் மாதத்தில் அவருடைய முழங்காலின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த தடிப்பு பரவியது. உண்ணி கடித்ததை நாங்கள் பார்க்கவேயில்லை. மருத்துவர் தடிப்பைப் பார்த்த மாத்திரத்தில், உண்ணிக்கடியால் பரவும் பாக்டீரியா நோயான லைம் நோய் என்று சொல்லி, பதினான்கு நாட்களுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். தடிப்பு மறைந்துவிட்டது. ஆனால் அன்று தொடங்கிய அசதியும் முழங்கால் வலியும், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவிப் போகிற மறதியும் இன்றுவரை விடவில்லை. தொற்றுநோய் மருத்துவர் ஒருவர், கிருமி இனி இல்லை என்றும் மேலும் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பயனில்லை என்றும் கூறிவிட்டார்.

இந்நிலையில் தெரிந்தவர்கள் வழியாக மூன்று கருவிகளின் பெயர்கள் எங்களுக்கு வந்தன. ஒன்று, 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சிறிய பெட்டி. இரண்டு செப்புக் குழாய்களை ஈரத்துணி சுற்றிக் கைகளில் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, நோய்க்கொரு அதிர்வெண் என்று பட்டியலோடு வரும் அலை உற்பத்திக் கருவி. மூன்றாவது, காந்தத் துடிப்புப் பாய். மின்திறன் குறைவாக இருந்தால் தீங்கும் குறைவாக இருக்கும் என்று எண்ணி, விலை மலிவான முதலாவதை வாங்கி ஒன்பது நாட்கள் பயன்படுத்தினோம். முழங்கால் வலி கூடியிருக்கிறது. இடது உள்ளங்கை சிவந்து சிறு கொப்புளமும் கண்டிருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், கிருமிகள் மடிவதன் அடையாளம் இது, நிறுத்தாமல் தொடருங்கள் என்கிறார். தொடரலாமா? அல்லது மற்ற இரண்டில் ஒன்றை வாங்கலாமா? மனைவி குளிர்காலத்தில் மூன்று மாதம் மதுரையில் பெற்றோருடன் தங்கப் போகிறார். ஆகவே அங்குள்ள 230 வோல்ட்டிலும் இயங்க வேண்டும்.

மறுமொழி 1: மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர்

ஐயா, முதலில் அதை நிறுத்திவிடுங்கள். பிறகு ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்: வலக்கையில் பிடிக்கும் குழாயின் துணியில் பச்சைக் கறை படிந்திருக்கிறதா? துணியை உப்புநீரில் நனைத்தீர்களா, வெறும் நீரிலா?

கேட்டவர்

ஆம், வலக்கைத் துணியில் மட்டும் பச்சைக் கறை இருக்கிறது. இடப்பக்கத் துணி வெள்ளையாகவே உள்ளது. உப்புநீர்தான், அப்படித்தான் கையேட்டில் போட்டிருந்தது. பார்க்காமலே எப்படிச் சொன்னீர்கள்?

மறுமொழி 1 (தொடர்ச்சி)

இத்தகைய பெட்டிகளில் சிலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன் என்பதால்தான். உள்ளே 555 என்ற எண்ணுள்ள சாதாரண நேரக்கணிப்புச் சில்லு ஒன்று, நான்கைந்து மின்தடைகள், இரண்டு மின்தேக்கிகள், ஒரு சிறு விளக்கு ஆகியவை இருக்கும். ஏறத்தாழ 30 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை அது வெளியிடும். ஆனால் அந்த அலை நேர், எதிர் என்று இருபக்கமும் மாறி மாறிச் செல்வதில்லை. சுழியத்துக்கும் 9 வோல்ட்டுக்கும் இடையில் நேர்ப்பக்கமாகவே ஏறி இறங்குகிறது. அதாவது அதற்குள் நேர்மின்னோட்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது. உப்புநீரில் நேர்மின்னோட்டம் பாய்ந்தால் மின்பகுப்பு நிகழும்: நேர்முனைக் குழாயில் செம்பு கரைந்து பச்சையாகப் படியும், எதிர்முனையில் காரம் உண்டாகித் தோலை அரிக்கும். தங்கள் துணைவியாரின் இடக்கையில் இருப்பது அந்தக் காரப் புண்ணே தவிர, எந்தக் கிருமியும் மடிந்ததன் அடையாளம் அன்று. கையை ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி, மின்திறன் குறைந்த கருவி கிருமியைக் கொல்லுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மின்புலத்தால் நுண்ணுயிரின் சவ்வைத் துளைக்க முடியும் என்பது உண்மைதான். ஆய்வகங்களில் அன்றாடம் செய்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் தேவைப்படுகிறது. தங்களுடைய பெட்டியோ 9 வோல்ட்டை ஒரு கையிலிருந்து மறு கை வரையுள்ள முழு உடலுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. அதிலும் பெரும்பகுதி தோலிலேயே செலவாகிவிடும்.

அதிர்வெண் பட்டியலோடு வரும் இரண்டாவது கருவியின் மூலக்கதை 1930களில் சான் டியாகோவில் வாழ்ந்த ராயல் ரைஃப் என்பவரிடமிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு கிருமிக்கும் அதை நொறுக்கும் அதிர்வெண் ஒன்று உண்டு என்றார் அவர். பாடகியின் குரலில் கண்ணாடிக் குவளை உடைவதை விற்பனையாளர்கள் உவமையாகச் சொல்வார்கள். குவளை காற்றில் இருப்பதால்தான் அது ஒலிக்கிறது. அதையே கெட்டியான புளிக்கரைசலில் அமிழ்த்திவிட்டுத் தட்டிப் பாருங்கள், மந்தமாக ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். திசுநீரில் கிடக்கும் நுண்ணுயிரின் நிலையும் அதுவே. மேலும் பட்டியல்களில் அடிக்கடி காணும் 727 ஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால், காற்றில் அந்த மின்காந்த அலையின் நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல். லைம் கிருமியின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. இரண்டும் எந்த வகையில் ஒத்திசையும் என்று எனக்கு விளங்கவில்லை.

காந்தத் துடிப்புக்கு மட்டும் ஓர் உண்மையான மருத்துவப் பயன் உண்டு: கூடாமல் நின்றுவிட்ட எலும்பு முறிவுக்காக 1979 முதல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் (எஃப்டிஏ) ஒப்புதலோடு அது பயன்பட்டு வருகிறது. அந்தப் பெயரைப் பாய் விற்பவர்களும் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். "எஃப்டிஏவில் பதிவு செய்யப்பட்டது" என்ற வாசகத்தைக் கண்டு மயங்காதீர்கள். பதிவு என்பது கடையின் பெயரையும் பொருளின் பெயரையும் ஏட்டில் ஏற்றுவது மட்டுமே. கருவி வேலை செய்கிறது என்று எவரும் சோதித்துப் பார்த்ததாக அதற்குப் பொருள் இல்லை. கே என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கங்கள் உள்ள அனுமதி எண்ணை விற்பவரிடம் கேளுங்கள். அதை நிர்வாகத்தின் இணையதளத்தில் இட்டால், எந்தப் பயன்பாட்டுக்காக அனுமதித்தார்கள் என்ற ஒரு வரி கிடைக்கும். அந்த வரியில் லைம் நோய்ச் சிகிச்சைக்கு என்று எழுதப்பட்ட ஒரு கருவியும் கிடையாது.

மறுமொழி 2: தொற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்

அண்ணா, "கிருமி மடிவதன் அடையாளம்" என்ற சொல்லை எங்கள் பிரிவிலும் நோயாளிகள் அடிக்கடி சொல்கிறார்கள். ஆன்டிபயாடிக் தொடங்கிய முதல் ஒரு நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்து தணிவது உண்டு. அதுதான் மருத்துவம் ஏற்றுக்கொண்ட நிகழ்வு. வாரக்கணக்கில் நீடிக்கும் வலியை அதன் கணக்கில் சேர்ப்பது சரியன்று. வலி குறைந்தால் கருவியின் வெற்றி, கூடினால் கிருமியின் மரணம் என்று இரண்டுக்கும் ஒரே விடையைச் சொன்னால், அந்தக் கருவி வேலை செய்யவில்லை என்பதை நீங்கள் என்றைக்குமே கண்டுபிடிக்க முடியாது.

அண்ணியின் துன்பம் கற்பனை என்று நான் சொல்லவில்லை. முறையான சிகிச்சைக்குப் பிறகும் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு அசதியும் வலியும் மறதியும் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கின்றன. காரணம் இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் நீண்டகால ஆன்டிபயாடிக் அதற்கு விடையன்று என்பது தெளிவு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு சாராருக்கு ஒரு மாதம் நரம்பு வழியாகவும் இரண்டு மாதம் மாத்திரையாகவும் மருந்து கொடுத்தார்கள்; மறு சாராருக்கு மருந்தில்லாத போலி ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியானவர்களுள் மருந்து பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 40 விழுக்காட்டினருக்கும் உடல்நிலை மேம்பட்டது. ஒன்றும் கொடுக்காமலேயே பத்தில் நால்வர் தேறுகிறார்கள் என்றால், அந்தக் காலத்தில் யார் எந்தக் கருவியைக் கையில் பிடித்திருந்தாலும் அது குணப்படுத்தியதாகத்தான் தோன்றும்.

நான் கேட்க விரும்புவது வேறு. லைம் நோயைப் பரப்பும் அதே மான் உண்ணி பபீசியா என்ற ஒட்டுண்ணியையும் பரப்புகிறது. டாக்ஸிசைக்ளின் அதைத் தொடாது. அதற்கான ரத்தப் பரிசோதனை செய்தார்களா? இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்தார்களா? அண்ணி சைவமாக இருந்து மாதவிலக்கும் மிகுதியாக இருந்தால், உண்ணி கடிக்காமலேயே இதே அசதி வரும். ஒரு நோயின் பெயர் கிடைத்துவிட்டால், மற்றவற்றைத் தேடுவதை வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவர்களும் நிறுத்திவிடுகிறோம். லைம் எதிர்ப்பொருள் பரிசோதனையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். நோய் தீர்ந்தவர்களின் ரத்தத்திலும் அது பல ஆண்டுகள் நேர்மறையாகவே வரக்கூடும்.

மறுமொழி 3

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இருவரும் இவ்வளவு உறுதியாக மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தேன். காந்தப் பாய் வாங்கிய ஐந்தாவது வாரத்தில் எழுந்து சமையலறைக்குப் போனேன். மருத்துவர்கள் கைவிட்டவர்களுக்கு வேறு வழி என்ன இருக்கிறது? என் உடலை நான் அறிய மாட்டேனா?

மறுமொழி 1

சகோதரி, தாங்கள் எழுந்து நடந்ததை மறுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மகிழ்ச்சியே. பாய்தான் எழுப்பியதா என்பதை மட்டும் வீட்டிலேயே சோதிக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஒரு வாரம் இணைப்பைப் பொருத்தியும் ஒரு வாரம் கழற்றியும் வைக்கும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். எந்த வாரம் எது என்று அவர் ஒரு தாளில் குறித்து வைக்க வேண்டும், தங்களிடம் சொல்லக் கூடாது. வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நாள்தோறும் இரவில் எழுதி வைத்து, எட்டு வாரம் கழித்து இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எனக்கு எழுத வேண்டுமென்பதில்லை. தாங்கள் அறிந்துகொண்டால் போதும்.

கேட்டவருக்கு ஒரு சொல்: முழங்கால் வலிக்கு மட்டும் என்றால், மருத்துவரைக் கலந்துகொண்டு, கடைகளில் கிடைக்கும் டென்ஸ் கருவியை (தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாக நரம்புகளுக்கு மெல்லிய மின்துடிப்பு தருவது) முயன்று பார்க்கலாம். அதுவும் குறைந்த மின்திறன் கருவிதான். ஆனால் வலி உணர்வைச் சற்று மறைப்பதாக மட்டுமே சொல்லிக்கொள்கிறது, கிருமியைப் பற்றிப் பேசுவதில்லை. மின்னோட்டம் இருபக்கமும் சமமாகச் செல்வதாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவ்வகையில் மின்பகுப்புப் புண்ணுக்கு இடம் மிகக் குறைவு. மின்னேற்றம் செய்துகொண்டிருக்கும்போது உடலில் ஒட்டக் கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு இது ஆகாது. லைம் நோய் இதயத்தின் மின்கடத்தலையே தடுக்கக்கூடியது என்பதால் இதயமுடுக்கி இருக்கிறதா என்ற கேள்வியை இங்கே தவறாமல் கேட்க வேண்டியிருக்கிறது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் தவிர்க்க வேண்டும். கழுத்தின் முன்புறத்தில் யாருமே ஒட்டக் கூடாது. மின்னேற்றியின் முதுகில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் மதுரையில் கவலையில்லை.

கேட்டவர் (ஏழு வாரங்களுக்குப் பின்)

எல்லோருக்கும் நன்றி. பபீசியா இல்லை, தைராய்டும் பி12-உம் சரியாக உள்ளன. ஃபெரிட்டின் மிகக் குறைவாக, 8 என்று வந்தது. மருத்துவரே எண்ணை இருமுறை பார்த்தார். இரும்பு மாத்திரை தொடங்கி ஐந்து வாரமாகிறது. மாலையில் படியேறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது என்கிறார் மனைவி. சொல் நழுவுவது அப்படியே இருக்கிறது. முழங்கால் வலியும் போகவில்லை, ஆனால் டென்ஸ் போட்ட ஒரு மணிநேரம் நிம்மதியாக உட்கார முடிகிறது. உள்ளங்கைப் புண் ஆறிவிட்டது. பயன்படுத்திய பொருள் என்று சொல்லிப் பெட்டியைத் திரும்ப வாங்க விற்றவர் மறுத்துவிட்டார். அதிலிருந்த 9 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, ரசம் தாளிக்கும்போதெல்லாம் அலறுகிற அடுக்களைப் புகையுணரியில் போட்டிருக்கிறேன்.