மலேசியாவுல தூக்குத் தண்டனைய எடுத்துட்டாங்களா இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

பிறை_காத்தாடி:
வணக்கம் மக்களே. போன வாரம் பட்டர்வர்த்துல ஒரு கல்யாணம், பந்தியில மாமா ஒருத்தரு ஆரம்பிச்சாரு, "இப்பதான் நாட்டுல தூக்கே இல்லையே, எவன் பயப்படுவான், கொலகாரனுக்கும் போதப்பொருள் விக்கிறவனுக்கும் உக்கார வச்சு சோறு போடப்போறானுங்க"ன்னு. எதிர்ல இருந்த அண்ணி "தூக்கு இன்னும் இருக்கு மாமா"ன்னாங்க, பாயசம் வந்துச்சு, பேச்சு அப்படியே நின்னு போச்சு. யாரு சொன்னது சரி? 2023ல மாத்துனது என்னதான்?

செந்தூல்காரன்:
அண்ணிதான் சரி. எடுத்தது "கட்டாய" தூக்க மட்டும். முன்னாடி குற்றம் நிரூபணம் ஆச்சுன்னா ஜட்ஜு கையில கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, கேங் தலைவனா இருந்தாலும் சரி ஐநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) பேக் தூக்கிட்டு வந்தவனா இருந்தாலும் சரி, பெரும்பாலும் ஒரே தண்டனதான். 2023 ஏப்ரல்ல நாடாளுமன்றத்துல பாஸ் பண்ணி ஜூலை 4லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. இப்ப ஜட்ஜு ரெண்டுல ஒண்ணு குடுக்கலாம், தூக்கு, இல்லாட்டி ஜெயிலு கூட 12 ரோத்தான் (பிரம்படி) கொறயாம. அந்த ஜெயிலு கொலைக்கு 30லேர்ந்து 40 வருஷம், போதைப்பொருள் விக்கிறதுக்கு ஆயுள், அதாவது 30 வருஷம். சாகுற வரைக்கும் உள்ளேயே இருக்குற ஆயுள் தண்டனையும் போச்சு. ஏற்கனவே தூக்குக்கு காத்திருந்தவங்க ஆயிரம் பேருக்கு மேல, அவங்க தண்டனைய மறுபடி பாக்க நாட்டுலயே மேல்மட்டமான கூட்டரசு நீதிமன்றத்துக்கு தனிச் சட்டமே போட்டு அதிகாரம் குடுத்தாங்க, அந்த நவம்பர்லயே புத்ராஜெயாவுல கேஸு எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. நெறய பேருக்கு 30 வருஷமா மாத்துனாங்க, அதுவும் புடிபட்ட நாள்லேர்ந்து கணக்கு. மாத்தாம தூக்குலயே விட்டதும் உண்டு, அத மாமாகிட்ட சொல்லுங்க.

தாமான்_பெருசு:
எல்லாம் சரி தம்பி, ஆனா ஒண்ணு கேக்குறேன், கொல்லப்பட்டவன் வீட்டுப் பக்கம் யாராச்சும் போயி பாத்தீங்களா? எங்க தாமான்ல (குடியிருப்புல) போதைப்பொருளால எத்தன புள்ளைங்க நாசமா போச்சு, பெத்த தாயோட தாலிச் செயின அறுத்துட்டு ஓடுனவன எல்லாம் பாத்துருக்கேன். விக்கிறவனுக்கு மனித உரிமை, வாங்கிச் செத்தவனுக்கு என்ன? தூக்கு இருக்கட்டும், பயமாவது மிஞ்சட்டும்னு சொல்றவன் நான். எனக்கு யாரு மேலயும் கோபம் இல்ல லா, மனசுல பட்டத சொன்னேன்.

ஜெலுத்தோங்_அக்கா:
அண்ணே, ஒங்க வேதனை புரியுது, அந்தத் தாய் கதை எங்க தெருவுலயும் உண்டு. ஆனா பயம் வேல செஞ்சுச்சான்னு பாருங்க. போதைப்பொருளுக்கு தூக்கு வந்தது 1975ல, கட்டாயமா ஆனது 1983ல. அந்த வருஷ கடைசியிலேயே நம்ம பினாங்கு பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டுல ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்த ரெண்டு பேர ஹெராயினோட புடிச்சாங்க, பெரிய லோயரு கர்ப்பால் சிங் எல்லாம் வாதாடுனாரு, வெளிநாட்டு அரசாங்கமே கெஞ்சுச்சு, கேக்கல, 1986 ஜூலையில கோலாலம்பூர் புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. ஒலகம் பூரா பேப்பர்ல வந்த செய்தி அது. அதுக்கப்புறம் பொருள் வர்றது நின்னுச்சா? 2017 வரைக்கும் தூக்குல போட்டுக்கிட்டுதான இருந்தோம், நீங்க சொல்ற புள்ளைங்க கெட்டது அந்தக் காலத்துலதான.

அடுத்தது, மாட்டுறது யாரு? 15 கிராம் ஹெராயின் இருந்தாலே விக்க வச்சிருந்தான்னு சட்டம் அனுமானம் பண்ணிக்கும், இல்லன்னு நிரூபிக்கிறது அவன் பொறுப்பு. பொருள் அவன் வசம் இருந்துச்சுங்கறதே ஒரு அனுமானம், அதுக்கு மேல விக்கத்தான்னு இன்னொரு அனுமானத்த ஏத்தலாம்னு ஒரு பிரிவு வேற இருந்துச்சு, அத 2019ல கூட்டரசு நீதிமன்றம் செல்லாதுன்னுருச்சு. நல்ல லோயரு வைக்க காசில்லாதவன்தான் இதுல சிக்குவான். பணம் போட்டவன் எங்கயோ ஹாயா இருப்பான்.

ஈப்போ பையன் நாகேந்திரன் ஞாபகம் இருக்கா? சிங்கப்பூர்ல 42.72 கிராம் ஹெராயின், அறிவுத்திறன் (ஐக்யூ) வெறும் 69ன்னு மதிப்பீடு, 2022 ஏப்ரல்ல தூக்குல போட்டாங்க. நம்ம பிரதமரே கருணை கேட்டு கடிதம் எழுதுனாரு. அதே நேரத்துல நம்ம சட்டத்துல கட்டாயத் தூக்கு இன்னும் இருந்துச்சு. ஊராங்கிட்ட கேக்குற கருணைய நாம நம்ம ஜெயில்ல இருந்தவனுக்கு குடுக்கலியேன்னு அன்னிக்கே எனக்கு வயித்தெரிச்சல். அடுத்த வருஷம் சட்டத்த மாத்துனப்ப மக்களவையில மசோதாவுக்கு நின்னு பேசுன துணையமைச்சரு ராம்கர்ப்பால், கர்ப்பால் மகன். அப்பா இருந்து பாத்திருக்கணும்.

ரொட்டி_பானாஸ்:
அந்த புடு ஜெயில் இருந்த எடத்துலதான் இப்ப லாலாபோர்ட் மால். சனிக்கிழமை பார்க்கிங் கெடைக்காது 😅

தாமான்_பெருசு:
பேசுறீங்கம்மா நல்லா. போதைப்பொருள் கேஸ வேணா ஒத்துக்கிறேன், பேக் தூக்குனவன் பாவம்தான். ஆனா சின்னப் புள்ளைய கெடுத்துக் கொன்னவனுக்கு? அவனுக்குமா 30 வருஷம்? அதுல நான் மாற மாட்டேன்.

செந்தூல்காரன்:
பெருசு, அந்த மாதிரி கேஸுக்கு ஜட்ஜு இன்னிக்கும் தூக்கு குடுக்கலாம், சட்டம் தடுக்கல. 2018 அக்டோபர்ல அரசாங்கம் தூக்க மொத்தமா எடுக்கப்போறோம்னுதான் அறிவிச்சாங்க, நீங்க கேக்குற இதே கேள்விய ஊரே கேட்டுச்சு, 2019 மார்ச்சுல கட்டாயத்த மட்டும் எடுக்குறோம்னு எறங்கிட்டாங்க. தீர்ப்பு குடுக்கலாம், ஆனா 2018லேர்ந்து நிறைவேத்துறத நிறுத்தி வச்சிருக்காங்க.

பிறை_காத்தாடி:
நன்றி அண்ணே, அக்கா. அப்ப நிறுத்தி வச்சிருக்குறது சட்டமா, இல்ல அரசாங்கம் நெனச்சா நாளைக்கே தூக்குல போடலாமா?

செந்தூல்காரன்:
சட்டம் இல்ல, அரசாங்க முடிவுதான். ஆட்சி மாறி வேணாம்னா அதுவும் மாறும். இத முதல்ல மாமாகிட்ட சொல்லாத, குஷியாயிருவாரு.