லேசிக்கில் ஃபிளாப் பாதியில் நின்றுவிட்டது, இனி என்ன?

கேள்வி:
தங்கைக்குப் போன வாரம் லேசிக் (லேசரால் கண் பவரைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை). வலது கண்ணில் ஃபிளாப் (கண்ணின் முன்படலத்தில் வெட்டும் மெல்லிய மூடி) வெட்டும்போது சக்‌ஷன் (கண்ணை அசையாமல் பிடிக்கும் உறிஞ்சல்) விட்டுப்போய் பிளேடு பாதியில் நின்றுவிட்டது. டாக்டர் லேசர் அடிக்காமல், ஃபிளாப்பைத் திரும்ப மூடி அனுப்பிவிட்டார். மைனஸ் 5 பவர் அப்படியே இருக்கிறது. கண் கெட்டுவிடுமோ என்று அழுகிறாள்.

பதில் (ஆப்டோமெட்ரிஸ்ட்):
தங்கையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: நிறுத்தியதுதான் சரியான முடிவு. அரைகுறை ஃபிளாப்பில் லேசர் அடித்திருந்தால் பார்வை கோணலாகியிருக்கும். பிளேடால் ஃபிளாப் வெட்டும் முறையில் கார்னியாவின், அதாவது அந்த முன்படலத்தின், வளைவு முக்கியம். 46 டயாப்டருக்கு (வளைவைச் சொல்லும் அளவு) மேல் செங்குத்தாக இருந்தால் ஃபிளாப் நடுவில் ஓட்டை விழும் வாய்ப்பு அதிகம். 41க்குக் கீழே தட்டையாக இருந்தால் ஃபிளாப் முழுதாகக் கழன்று வரலாம். இந்த வளைவை அளந்த கெரட்டோமெட்ரி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இன்னொருவர்:
பிளேடுக்குப் பதில் லேசராலேயே ஃபிளாப் வெட்டும் ஃபெம்டோ லேசரில் இந்தச் சிக்கலே வராதா?

ஆப்டோமெட்ரிஸ்ட்:
வரும். அதிலும் சக்‌ஷன் விடலாம், லேசர் உண்டாக்கும் வாயுக் குமிழி ஃபிளாப்பின் மேலே உடைத்துக்கொண்டு வரலாம். ஓட்டை விழுவது மட்டும் அபூர்வம்.

கேள்வி கேட்டவர்:
சரி, அடுத்து?

ஆப்டோமெட்ரிஸ்ட்:
அவசரப்படாதீர்கள். சில மாதங்கள் கழித்து, பவர் நிலைத்ததும், ஃபிளாப்பே வெட்டாமல் கார்னியாவின் மேற்பரப்பில் லேசர் அடிக்கும் பிஆர்கே செய்வது வழக்கம். அதுவரை கண்ணைக் கசக்கவே கூடாது. வலியோ மங்கலோ கூடினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.