நீலகிரி மலை ரயில்: எஞ்சினை நேசிப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி:
அடுத்த மாதம் அப்பாவுடன் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயிலில் செல்லவிருக்கிறேன். அவர் ஓய்வுபெற்ற ஃபிட்டர் என்பதால், இயற்கைக் காட்சிகளைவிட எஞ்சின் எப்படி ஏறுகிறது, அதை எப்படிப் பழுதுபார்க்கிறார்கள் என்பதில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். குன்னூரில் எஞ்சின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட்டைப் பார்க்க இயலுமா?

முதல் பதில்:
நீராவி எஞ்சின் குன்னூர் வரை மட்டுமே வரும். அதற்கு மேல் டீசல்தான். ஆகவே அப்பா விழிப்புடன் இருக்க வேண்டிய இடம் கல்லாறு. அங்கிருந்துதான் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை தொடங்குகிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுவதால், கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தால், பற்சக்கரம் அதில் பொருந்தியபின் வண்டியின் ஓசையே மாறிவிடுவதைத் தெளிவாகக் கேட்கலாம். சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது: இரண்டு பல்தண்டுகள் அருகருகே, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக அமைந்திருப்பதால், ஒரு பல் விடுபடும் நேரத்தில் இன்னொன்று பிடித்திருக்கும். 12.28 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்தில் 1899 முதல் இந்தப் பிடிப்பை நம்பித்தான் வண்டி ஏறுகிறது. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி, சிலிண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதை அவருக்குக் காட்டுங்கள். ஒரு ஜோடியில் உழைத்து முடித்த நீராவியே அடுத்த ஜோடிக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது.

இரண்டாம் பதில்:
ஷெட் என்பது பணியிடம்; ரயில்வே அதிகாரிகளிடம் எழுத்து மூலம் முன் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால், கொதிகலனுக்கே நேரத்தை ஒதுக்குங்கள். உள்ளே நெருப்பறையின் சுவரையும் வெளிக்கூட்டையும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள் பிணைத்திருக்கும். அவற்றின் நடுவே மெல்லிய துளை இடும் வழக்கம் உண்டு. போல்ட் விரிசல் கண்டால் அந்தத் துளை வழியே நீராவி கசிந்து, கண்ணுக்குத் தெரியாத பழுதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ஃபிட்டர் இதைப் பார்த்தால் அங்கிருந்து நகர மாட்டார். பெரும் வேலைகளுக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனை இருக்கிறது. இந்தப் பாதைக்கென வந்த பழைய சுவிஸ் எஞ்சின்களின் வடிவமைப்பைப் பின்பற்றி, ‘எக்ஸ்’ எனப்படும் அதே வகையில் புதிய எஞ்சின்களையே அங்கு கட்டியிருக்கிறார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

கேட்டவர்:
மிக்க நன்றி. கொதிகலனை நீராவியால் அல்லாமல் தண்ணீரால் சோதிப்பது ஏன் என்று அப்பா கேட்கச் சொன்னார்.

இரண்டாம் பதிலளித்தவர்:
தண்ணீர் பெரிதாக அமுங்குவதில்லை, ஐயா. அதனால் சோதனையின்போது தகடு பிளந்தாலும் சிறிது நீர் பீறிட்டதும் அழுத்தம் தணிந்துவிடும். நீராவியாக இருந்தால் அது வெடிப்பாகும்.