ஜெபம் முடிந்து அரை மணியில் பயம் திரும்புகிறது, ஏன்?

மஞ்சக்குப்பம்_வாசகர்:
காலை ஜெபம், ஞாயிறு ஆராதனை எதுவும் தவறுவதில்லை. ஜெபிக்கும்போது மனசு லேசாகிறது. பஸ் ஏறுவதற்குள் பழைய பயம் வந்துவிடுகிறது: வேலை போய்விடுமோ, வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று. உடனே வாக்குத்தத்த அட்டைதான் (கடவுளின் வாக்குறுதி வசனம் ஒன்று அச்சிட்ட சின்ன அட்டை). ஆறுதலான வசனம் வரும்வரை எடுத்துக்கொண்டே இருப்பது. கர்த்தர் கூடவே இருக்கிறார் என்ற நிச்சயம் மனசில் நிலைக்க என்ன வழி? "விசுவாசம் பத்தவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை நிறையப் பேர் சொல்லியாச்சு.

திருப்பாதிரிப்புலியூர்_7:
முதலில் அந்த அட்டைப் பெட்டியை மேலே தூக்கி வையுங்கள். ஒவ்வொரு அட்டையும் கொஞ்ச நேரம் பயத்தைத் தணிக்கும். ஆனால் "அட்டை எடுத்தால்தான் தப்பித்தேன்" என்று மனசு பழகிவிடும், அடுத்த பயத்துக்கு இன்னொன்று கேட்கும். வாரத்துக்கு ஒரே பகுதி போதும். சங்கீதம் 131-இல் தொடங்கலாம், மூன்றே வசனம். தாயின் பால் மறந்த குழந்தை அதில் வருகிறது. பசிக்காக அழாமல், தாயோடு சும்மா இருக்கிற குழந்தை.

அடுத்து, நம் சபைகளில் அதிகம் சொல்லித்தராதது: முறையிடுதல். சங்கீதம் 13-ஐப் பாருங்கள். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. 3, 4-இல் விண்ணப்பம். 5, 6-இல்தான் நம்பிக்கையும் பாட்டும். ஒரு நோட்டில் இதே வரிசையில் உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள், பதினைந்து நிமிஷம் போதும். பலரும் சறுக்குகிற இடம், நேராக 5-ஆம் வசனத்துக்குத் தாவுவது. சொல்லாமல் விழுங்கின பயம்தான் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கும். சில நாள் 5-க்கு வந்து சேரவே முடியாது, பரவாயில்லை. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

விண்ணப்பத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்பதைவிட "செவ்வாய்க்கிழமை மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார், அது பயமாயிருக்கிறது" என்பது ஜெபம். பிலிப்பியர் 4:6, 7-ஐயும் கவனித்து வாசியுங்கள். கேட்டது கிடைக்கும் என்று அங்கே இல்லை. சமாதானம் இருதயத்தைக் காக்கும் என்றுதான் இருக்கிறது.

முத்தியால்பேட்டை:
கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து ஒன்று. இரவில் பத்து நிமிடம், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொல்லித்தந்த ஆன்ம ஆய்வு. நன்றி சொல்லி, ஒளி கேட்டு, காலை முதல் இரவு வரை அன்றைய பொழுதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது? பிறகு மன்னிப்பு, கடைசியில் நாளைக்கான ஒரு வேண்டுதல். இதைக் குற்றப்பட்டியல் ஆக்கிவிடுகிறவர்கள் அதிகம். நன்றிக்கே பாதி நேரம் கொடுங்கள்.

மனம் வறண்டு கிடக்கிற நாளில் பழைய முடிவை மாற்றாதே என்பது அவருடைய விதி. பயத்தில் பெரிய நேர்ச்சை நேர்ந்துகொள்வது, கோயிலையே மாற்றுவது எல்லாம் அந்த நாளில் வேண்டாம். செபத்தைக் குறைக்கத் தோன்றினால், குறித்த நேரத்துக்குமேல் ஒரு நிமிடம் கூடுதலாக இருங்கள். புதுச்சேரி வந்தால் ஸ்டேஷன் பக்கத்து இருதய ஆண்டவர் பசிலிக்காவில் நற்கருணை (ஆண்டவரின் உடலாக வணங்கும் அப்பம்) முன் எதுவும் சொல்லாமல் உட்காரலாம். செபமாலை ஐந்து பத்தும் (ஒரு பத்து என்றால் பத்து "அருள் நிறைந்த மரியே") ஓட்டமாக முடிப்பதைவிட, நிதானமாக ஒரு பத்து.

மஞ்சக்குப்பம்_வாசகர்:
நன்றி. இன்னொன்று. மன்னிப்புக் கேட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிடத் தோன்றுகிறதே?

வில்லியனூர்_க:
அது மனசாட்சியின் கூர்மை அல்ல, அச்சத்தின் வேலை. இஞ்ஞாசியாரே 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இதில் சிக்கினார். ஒரு வாரம் பட்டினி கிடந்தார், பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு நிறுத்தச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டார். ஆகவே போதகரோ குருவோ ஒரே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்; அவர் "இது முடிந்தது" என்றால் அந்தப் பாவத்தை மறுபடி எடுக்காதீர்கள். நான்கு பேரிடம் கேட்டால் ஐந்தாவது ஆளையும் தேடுவீர்கள்.

உடம்பையும் பாருங்கள். 1 இராஜாக்கள் 19-இல் சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும், அதுவும் இரண்டு தடவை. மெல்லிய சத்தம் பிறகுதான். இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் கெட்டாலோ, வேலைக்குப் போக முடியாவிட்டாலோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 1 தீமோத்தேயு 5:23-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னவர் பவுல்தான்.