9 வருடம் நின்ற எம்ஜிபி: கிளட்ச் விடவே மாட்டேன் என்கிறது

1972 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி. 9 வருடம் ஈரமான ஷெட்டில் நின்றது. இன்ஜின் அருமையாக ஓடுகிறது, கிளட்ச்தான் பிரியவில்லை. இன்ஜின் அணைந்திருந்தால் எல்லா கியரும் விழும். ஓடும்போது போட்டால் கறகறவென்று அரைக்கும். கிளட்ச் பெடலை முழுக்க மிதித்து கியரில் ஸ்டார்ட் செய்தாலும் வண்டி முன்னால் பாய்கிறது.

பெடல் அழுத்தத்தை திரவம் வழியாக கிளட்ச்சுக்குக் கடத்தும் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்கள், ஹோஸ் எல்லாம் புதிது. உள்ளே இருந்த காற்றும் எடுத்தாயிற்று. ஸ்லேவ் தண்டு 12 மி.மீ. நகர்கிறது. ஆகவே கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது என்றே நினைக்கிறேன். இன்ஜினைச் சூடாக்கி, பெடலுக்குக் கட்டை முட்டுக்கொடுத்து இரண்டு இரவு விட்டேன். அப்புறம் பின்சக்கரங்களைத் தூக்கி, டாப் கியரில் ஓடவிட்டு பெடலோடு பிரேக்கையும் மிதித்தேன், இன்ஜின்தான் நின்றது.

இதில் கிளட்ச்சைத் தொட இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். எடுக்காமல் தட்டை விடுவிக்க வேறு வழி உண்டா?