பேர்போன ஆட்டக்காரர் நல்ல பயிற்றுநர் ஆவாரோ? கழகத்துக்கு ஆள் எடுக்கிறதில ஒரு கேள்வி

கடலோரம்:

வணக்கம். எங்கட கழகத்துக்கு அடுத்த பருவத்துக்கு ஒரு பயிற்றுநர் எடுக்கோணும். ரெண்டு பேரின்ர பேர் அடிபடுது. ஒருத்தர் வடமாகாணம் முழுக்கப் பேரெடுத்த முன்கள வீரர். யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில அவர் அடிச்ச கோல்களைச் சனம் இண்டைக்கும் கதைக்கும். பயிற்றுநர் சான்றிதழ் எண்டு ஒண்டும் இல்லை. மற்றவர் பின்கள வீரர், கனகாலம் மாற்று ஆட்டக்காரரா வாங்கில இருந்தவர். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின்ர சீ தரப் பயிற்றுநர் சான்றிதழ் முடிச்சு, நாலு வருசமா ஒரு பள்ளிக்கூட அணியைப் பழக்குறார். நிர்வாகத்தில முக்கால்வாசிப் பேர் முதலாமவர் பக்கம்.

பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்றுநரா வருவினம் எண்டதுக்கு உலக உதைபந்தாட்டத்தில ஆதாரம் இருக்கோ? இருந்தாலும், கிழமைக்கு மூண்டு பின்னேரம் மட்டும் பழகுற எங்கட மாதிரி அணிக்கு அது பொருந்துமோ? 18 வயசுக்குக் கீழ் 22 பெடியள், வளர்ந்தோர் அணியில 20 பேர்.

நடுக்களம்:

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் முகாமையாளர் என்றால் பதிவும் சீருடையும் பார்ப்பவர். இங்கிலாந்தில் மனேஜர் என்பவர்தான் அணியைத் தெரிவுசெய்து, பழக்கி, தோல்விக்கும் பதில் சொல்பவர். நீங்கள் தேடுவது அந்த ஆளை.

ஒரே வீட்டில் பிறந்த இருவரைப் பாருங்கள். பொபி சார்ள்டனும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1966 உலகக்கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்காகச் சேர்ந்து ஆடியவர்கள். அந்த ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது பொபிக்குத்தான். ஜாக் நடுப் பின்கள வீரர். 30 வயதை நெருங்கும்போதுதான் தேசிய அணிக்குள் வந்தார். 1973இல் இருவரும் ஒரே நேரத்தில், ஒரே இரண்டாம் பிரிவில் அணிகளைப் பொறுப்பேற்றார்கள். 1974இல் ஜாக்கின் மிடில்ஸ்பரோ அந்தப் பிரிவில் முதலிடம் வந்து மேலே போனது. பொபியின் பிரெஸ்டன் அதே பிரிவிலிருந்து கீழே இறங்கியது. ஜாக் பின்னர் அயர்லாந்தை 1990 உலகக்கிண்ணக் காலிறுதிவரை கொண்டுபோனார். அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பயிற்றுநர் வகுப்புகளுக்குப் போனவர் என்பதைக் கவனியுங்கள்.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிரேசிலின் சகாலோ, ஜேர்மனியின் பெக்கன்பவர், பிரான்சின் டெஷாம்ப் மூவரும் ஆட்டக்காரராகவும் உலகக்கிண்ணம் வென்றார்கள், பயிற்றுநராகவும் வென்றார்கள். ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை மூன்று தடவை வாங்கிய யோகான் குரைஃப், பயிற்றுநராகப் பார்சிலோனாவுக்கு 1991 தொடக்கம் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்களும் 1992இல் ஐரோப்பியக் கிண்ணமும் வென்று கொடுத்தார். மறுபக்கம், தொழில்முறையில் ஒரு ஆட்டமும் ஆடாத அரிகோ சக்கி மிலானுக்கு 1989, 1990 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கிண்ணம் கொண்டுவந்தார்.

ஆகவே பேரைப் பார்க்காமல், ஆடி முடித்த பிறகு அந்த ஆள் எந்தப் படிகளில் ஏறினார் என்று பார்த்தால் படம் தெளியும். பிரான்சின் முன்னாள் நட்சத்திரம் ஸிடான் 2013-14இல் ரியல் மட்ரிட் பயிற்றுநர் அன்செலோட்டியின் துணை. பிறகு அதே கழகத்தின் இரண்டாம் அணியைப் பழக்கினார். 2016 ஜனவரியில்தான் முதல் அணி கைக்கு வந்தது. 2016, 2017, 2018 மூன்று ஆண்டும் சம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிண்ணத்தின் இன்றைய பெயர்) வென்றார். குவார்டியோலா 2007-08 முழுவதும் பார்சிலோனாவின் இரண்டாம் அணியோடு நான்காம் நிலைப் பிரிவில் இருந்தவர். சபி அலொன்சோ முதலில் சிறுவர் அணி, பிறகு ரியல் சொசிடாட் இரண்டாம் அணியில் மூன்று பருவம். 2022 ஒக்டோபரில் அவர் ஜேர்மன் கழகமான லெவர்குசனை எடுத்தபோது அணி 17ஆம் இடத்தில் கிடந்தது. 2023-24இல் ஒரு லீக் ஆட்டமும் தோற்காமல் ஜேர்மன் பட்டம் எடுத்தார்கள்.

படி தாண்டியவர்களைப் பாருங்கள். இத்தாலிய நடுக்கள நட்சத்திரம் பிர்லோ 2020இல் இத்தாலியக் கழகமான யுவென்டசின் இளையோர் அணிக்கு நியமிக்கப்பட்டு, ஒரு ஆட்டம்கூட அங்கே நடத்துமுன் சில நாட்களில் முதல் அணிக்கு மாற்றப்பட்டார். தொடர்ந்து ஒன்பது பட்டம் வென்றிருந்த அணி நான்காம் இடம் வந்தது. இத்தாலியக் கிண்ணம் கிடைத்தும் பருவ முடிவில் அனுப்பிவிட்டார்கள். தியரி ஹென்றி மொனாக்கோவில் மூன்று மாதம். கரி நெவில் வலென்சியாவில் நான்கு மாதம்கூட இல்லை. இவர்கள் இருவரும் தேசிய அணிகளில் துணைப் பயிற்றுநராக இருந்துவிட்டுத்தான் போனார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பக்கத்தில் நின்று ஆலோசனை சொல்வது ஒரு வேலை. பதினெட்டுப் பேரில் ஏழு பேரிடம் 'நீ இன்றைக்கு இல்லை' என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு வேலை. அதைச் சின்ன அணியில் பிழைவிட்டுப் பழகியிருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாமவரிடம் நான்கு வருடப் பழக்கம் இருக்கிறது. முதலாமவரிடம் அது பூச்சியம்.

கரைக்காற்று:

நடுக்களம் அண்ணை சொன்னதோட ஒண்டைச் சேர்க்கோணும்: ஏன் அப்பிடி நடக்குது எண்டது. திறமான ஆட்டக்காரருக்குக் காரியம் உடம்பில ஏறிக் கிடக்குது. ஆயிரக்கணக்கான தரம் செய்து, யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு வந்திட்டுது. அதால அவருக்கு அது ஒரே அசைவு. பழகுற பெடியனுக்கு அது அஞ்சு அசைவு. அவர் 'மூலைக்குப் போடு' எண்டுவார். பெடியன் அடிக்க பந்து கம்பத்துக்கு மேலால போகும். அவர் திருப்பியும் அதையே கொஞ்சம் சத்தமாச் சொல்லுவார்.

பந்து மேலால போறதுக்குக் காரணம் அனேகமா ஊண்டின கால். அது பந்துக்குப் பின்னால விழுந்தா உடம்பு பின்னுக்குச் சாயும், பாதம் பந்தின்ர அடியில படும். ஊண்டுற கால் பந்துக்கு நேர் பக்கத்தில, ஒரு சாண் தள்ளி, பெருவிரல் அடிக்கப்போற மூலையைப் பார்த்தபடி நிக்கோணும். அடிக்கிற காலின்ர முழங்கால் பந்துக்கு மேல வரோணும். ஓடிவாற கடைசி அடி நீண்டுபோனாலும் கால் பிந்தித்தான் விழும்; அதுக்குக் கடைசி ரெண்டு அடியையும் கட்டையாக்கச் சொல்லோணும். இதில எது பிழைக்குது எண்டு பக்கவாட்டில நிண்டு பார்த்தாத்தான் தெரியும். கோலுக்குப் பின்னால நிண்டு பார்த்தா பந்து போற இடம் மட்டும்தான் தெரியும்.

இன்னொண்டு, பந்து எடுத்துத் திரும்புறது. மத்தியகளத்தில நல்லா ஆடின ஒருத்தரைக் கேட்டா 'பார்த்து எடு' எண்டுவார். எப்ப பார்க்கிறது? பந்து தரப்போறவன் அதைத் தன்ர காலில சரிப்படுத்துற அந்த நேரத்திலதான் தோளுக்கு மேலால பின்னுக்குப் பார்க்கோணும். பந்து புறப்பட்டாப் பிறகு திரும்பிப் பார்த்தா பந்தில கண் தப்பும். பிறகு உடம்பைப் பாதி திருப்பி, பந்து தாறவனுக்குத் தூரமா இருக்கிற காலால எடுக்கோணும். கிட்டக் காலால எடுத்தா முதுகு கோலைப் பார்க்கும், திரும்பிப் போடத்தான் வழி.

பழக்குறதுக்கு: 20 மீற்றர் தள்ளி ரெண்டு பேர், நடுவில ஒருத்தன், அவனுக்குப் பின்னால ரெண்டு மீற்றரில ஒரு எதிராளி. ஒருத்தனுக்கு எட்டுப் பந்து, பிறகு மாத்து. எதிராளி சிலநேரம் நெருங்குவான், சிலநேரம் நிண்டிடுவான். அதைப் பார்த்துத்தான் திரும்புறதோ திருப்பிக் குடுக்கிறதோ எண்டு முடிவெடுக்கோணும். எதிராளி ஒவ்வொரு தரமும் நெருங்கினா அந்தப் பழக்கத்தால ஒரு பிரயோசனமும் இல்லை, ஏனெண்டா பார்க்கவே தேவையில்லை.

சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாசங்களில எங்கட மைதானங்கள் சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். பந்தின்ர காற்றழுத்தத்தை விதி 8.5 இலிருந்து 15.6 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரைக்கும் விடுது. 12க்குக் காற்றடிச்ச பந்தை அந்தத் தரையில பெடியள் காலில நிப்பாட்டவே கஸ்ரம். பழக்கத்துக்கு 9 போதும். பந்து துள்ளுறதைப் பார்த்திட்டு 'முதல் தொடுகை சரியில்லை' எண்டு பெடியளைப் பேசுற பயிற்றுநர் கனபேர் இருக்கினம். பம்பில ஒரு அளவுமானி இருந்தா அந்தப் பேச்சில பாதி குறையும்.

ஏழாம்இலக்கம்:

நீங்கள் ரெண்டு பேரும் சொல்றது சரி. ஆனா ஒரு பக்கம் விடுபட்டுப் போச்சு. ஆட்டக்காரனின்ர பேருக்கு ஒரு பலம் இருக்கு.

2016-17இல ஸிடான், கிறிஸ்ரியானோ ரொனால்டோவைச் சில வெளிமைதான ஆட்டங்களுக்குக் கூட்டிப்போகாமல் ஓய்வெடுக்க வைச்சார். பருவக் கடைசியில ரொனால்டோ களைப்பில்லாம இருந்தார். காடிஃப்பில நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில யுவென்டசுக்கு எதிரா ரெண்டு கோல் அடிச்சார். பேரில்லாத ஒருத்தர் அதே முடிவை எடுத்திருந்தா உடைமாற்றும் அறையில எவ்வளவு பிரச்சினை வந்திருக்கும்?

கூடைப்பந்தாட்டத்தில இதை அளந்தும் பார்த்திருக்கினம். அமெரிக்காவின்ர தொழில்முறை லீக்கான என்பிஏயை வைச்சு 2011இல வெளிவந்த பொருளியல் ஆய்வொண்டு, சிறந்த ஆட்டக்காரரா இருந்த பயிற்றுநர்களின்ர அணிகள் கூட வெண்டிருக்கு எண்டு காட்டுது. அது வேற விளையாட்டு, உச்சத்தில இருக்கிற ஆக்களுக்குச் சொல்றது. 16 வயசுப் பெடியனுக்கு அப்பிடியே பொருத்தக்கூடாது. எண்டாலும் 'பெரிய ஆட்டக்காரர் பழக்கமாட்டினம்' எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்றதுக்கு அது ஒரு தடை.

அவர் எந்த இடத்தில ஆடினவர் எண்டதையும் பாருங்கோ. குவார்டியோலா, அலொன்சோ, அன்செலோட்டி, டெஷாம்ப் எல்லாரும் மத்தியகளத்தில ரெண்டு பக்கமும் பார்த்து ஆடினவை. ஆடேக்குள்ளயே மற்ற பத்துப் பேரையும் நிறுத்தினவை. முன்களத்தில தனிய நிண்டு கோலடிச்சவைக்கு அந்தப் பழக்கம் குறைவு. அலன் ஷியரர் 2009இல நியூகாசிலைக் கடைசி எட்டு ஆட்டத்துக்கு எடுத்தவர். ஒண்டுதான் வெற்றி, அணி கீழிறங்கினது. மரடோனாவின்ர ஆர்ஜென்ரீனா 2009இல பொலிவியாவிட்ட 6-1, 2010 உலகக்கிண்ணக் காலிறுதியில ஜேர்மனியிட்ட 4-0 எண்டு தோத்தது. அந்த மே மாசம்தான் இன்டர் மிலான் கழகத்துக்கு ஐரோப்பியப் பட்டம் வெண்ட சனெட்டியையும் கம்பியாசோவையும் அவர் உலகக்கிண்ணத்துக்கு எடுக்கேல்லை.

குரைஃப் இந்தக் கணக்குக்கு வெளியில. அவர் முன்களத்தில ஆடினாலும் முழு மைதானத்தையும் கையை நீட்டி நடத்தினவர்.

கடலோரம்:

எல்லாருக்கும் நன்றி. நிர்வாகத்துக்கு ஐரோப்பாக் கதை சொன்னா எடுபடாது, கண்ணால காட்டோணும். ஒரே பின்னேரத்தில ரெண்டு பேரையும் பார்க்கிறதுக்கு வழி இருக்கோ? ஒருத்தரையும் மனம் நோகப்பண்ணவும் கூடாது.

கரைக்காற்று:

இருக்கு தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே வேலையைக் குடுங்கோ. 14 பெடியள், 10 பந்து, 12 கூம்பு, 45 நிமிசம். வேலை: பந்துக் காப்பாளரிட்ட இருந்து பந்தைத் தரையால வெளியில கொண்டுவாறது. ரெண்டு நாள் முன்னமே சொல்லிவிடுங்கோ. திடீரெண்டு கேட்டா பழக்கமில்லாதவர் தடுமாறுவார், அது நியாயமில்லை.

பழக்குறவர் 7 பேருக்கு எதிரா 5 பேர், 40 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம் எண்டு தொடங்கினா நல்ல அறிகுறி. பந்துக் காப்பாளர், பின்களம் நாலு, மத்தியகளம் ரெண்டு ஒரு பக்கம். அஞ்சு பேர் மறிக்கிறது. ரெண்டு பேர் மாறி மாறி உள்ள வாறது. முன்னுக்கு ரெண்டு சின்ன வாசல், அதுக்குள்ளால பந்து போனா ஒரு புள்ளி.

நீங்கள் கைபேசியில நேரம் பிடியுங்கோ. பந்து உருளுற நேரம் 45இல 28 நிமிசத்துக்குக் கீழ போனா அவர் கூடக் கதைக்கிறார். ஒருதரம் நிப்பாட்டினா 40 விநாடிக்குள்ள முடிக்கோணும், அதுக்கு மேல பெடியளின்ர கண் வெளியில போயிடும். வரிசையில நாலு பேருக்கு மேல நிண்டா அந்தப் பழக்கம் பிழை. முக்கியமா, தொடர்ந்து அஞ்சு தரம் பந்து பறிபோனா என்ன செய்யிறார்? மறிக்கிற ஒருத்தரை எடுத்து விட்டா, இல்லாட்டி அகலத்தை 35 ஆக்கினா, அவருக்குப் பழக்கத் தெரியும். இறங்கித் தானே பந்தை எடுத்துக் காட்டினா ஒருக்கா சரி. மூண்டாம் தரமும் தானே காட்டினா அவர் இன்னும் ஆட்டக்காரர்தான்.

முடிஞ்சவுடன மூண்டு பெடியளைத் தனித்தனியக் கூப்பிட்டு 'இண்டைக்கு என்ன செய்யச் சொன்னவர்?' எண்டு கேளுங்கோ. மூண்டும் ஒரே பதிலா இருந்தா எடுக்கலாம்.

நடுக்களம்:

மனம் நோகாத வழியும் இருக்கிறது. பெக்கன்பவர் 1984இல் மேற்கு ஜேர்மனியை எடுத்தபோது பயிற்றுநர் சான்றிதழ் இல்லாதவர். அதனால் பதவிக்கே வேறு பெயர் வைத்தார்கள். 1990இல் பக்கத்தில் நின்றவர் ஹொல்கர் ஒசீக், முறையாகப் படித்த பயிற்றுநர். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். சான்றிதழ்காரர் தலைமை. முன்கள வீரருக்குக் கிழமையில் இரண்டு பின்னேரம், கடைசி 20 நிமிடம், ஆறு பேர் மட்டும், கோலடிக்கிற பழக்கம். எதைப் பழக்குவது என்று இருவரும் முன்கூட்டியே பேசி மூன்று சொல்லாக எழுதிக்கொள்ள வேண்டும்: 'கால் பக்கம், முழங்கால் மேல், அடி கட்டை'. பெடியள் இருவர் வாயிலிருந்தும் ஒரே சொல்லைக் கேட்பார்கள். விரும்பினால் அவர் அடுத்த சான்றிதழ் வகுப்புக்குப் போக, கட்டணத்தைக் கழகம் கட்டட்டும்.

நியமனக் கடிதத்தில் இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, ஆட்ட நாளில் அணித் தெரிவும் ஆள் மாற்றமும் தலைமைப் பயிற்றுநருக்கு மட்டும். நிர்வாகத்துக்கும் இல்லை, துணைக்கும் இல்லை. மற்றது, ஒரு முழுப் பருவத்துக்கு முன் மாற்றுவதில்லை, மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றாலும்.