பால் ரெவீர்: வெள்ளி ஆசாரி எப்படி செம்புத் தகடு மில் போட்டாரு?

கன்னார்தெரு:
அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். எங்களுக்கு மூணு தலைமுறையா டவுன்ல செம்பு பித்தளைப் பட்டறை. மகளோட பாடத்துல பால் ரெவீர்னு ஒருத்தரு 1775 ஏப்ரல் 18 ராத்திரி குதிரைல போயி இங்கிலீஷ் பட்டாளம் வருதுன்னு ஊரை எழுப்புனாருன்னு மட்டும் இருக்கு, ஆனா அவரு அமெரிக்காவுல பாஸ்டன்ல வெள்ளி ஆசாரியாம், பிற்பாடு செம்பு மில்லே போட்டாராம். கைத்தொழில்காரரு எப்படி அவ்வளவு தூரம் போனாரு?

பேட்டைக்காரன்:
ரெவீரோட அப்பாவும் வெள்ளி வேலைதான், பிரான்ஸ்ல இருந்து சின்னப் பையனா வந்து பாஸ்டன்ல தொழில் படிச்சவரு. அவரு இறந்தப்ப மகனுக்கு 19 வயசு, பட்டறை இவரு தலைல. கிண்ணம் ஸ்பூன் மட்டும் செஞ்சா கட்டுப்படியாகாதுன்னு செம்புத் தகட்டுல படம் செதுக்கி அச்சடிச்சாரு, பல்லு கூட கட்டிவிட்டாரு. அந்த ராத்திரி லெக்சிங்டன்ங்கிற ஊர்ல சேதி சொல்லிட்டு, அடுத்த ஊரு கான்கார்டுக்குப் போற வழியில ரெவீரை பட்டாளம் புடிச்சிட்டுது, கான்கார்டுக்கு சேதி கொண்டு போனது கூட வந்த டாக்டர் பிரெஸ்காட். அவரு பேரையும் மகளுக்கு சொல்லுங்க.

ஆத்தங்கரை:
உங்க கேள்விக்கு பதில் உங்க பட்டறையிலயே இருக்கு அண்ணாச்சி. தட்டத் தட்ட செம்பு இறுகும், திரும்ப காய்ச்சி இளக்கணும்லா, வெள்ளியும் அப்படித்தான். அந்தப் பக்குவம் அவரு கைல ஏற்கெனவே இருந்துது, வெள்ளிய உருளைல விட்டு தகடாக்குற மிஷினும் வாங்கி ஓட்டிப் பாத்திருந்தாரு. சுதந்திரம் கெடச்ச பிறகு 1788ல இரும்பு வார்ப்பு உலை போட்டு, 1792ல முதல் மணி வார்த்தாரு, சத்தம் சுகமில்லன்னுதான் சொன்னாவ, ஆனா விடல, அப்புறம் வரிசையா மணி, பீரங்கி, கப்பலுக்கு செம்பு ஆணி. 1801ல 66 வயசுல, சர்க்கார் கிட்ட 10,000 டாலர் கடன் வாங்கி, கைக்காசையும் போட்டு பாஸ்டன் பக்கம் கேன்டன்ங்கிற ஊர்ல செம்புத் தகடு மில்லு. அதுவரைக்கும் செம்புத் தகடு இங்கிலாந்துல இருந்து வரணும், யாரை எதுத்து சண்டை போட்டாவளோ அவங்ககிட்டயே வாங்கணும். 1803ல கான்ஸ்டிட்யூஷன்ங்கிற அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு அடியில அடிச்சது இவரு தகடு.

துறைமுகம்:
கப்பலுக்கு செம்பு எதுக்குன்னா, கடல்புழு மரத்தை துளைச்சிரும், பாசியும் சிப்பியும் ஒட்டி வேகம் கொறையும். இத படிக்கும்போது எனக்கு வ.உ.சி. நெனப்புதான். 1906ல சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு தூத்துக்குடி கொழும்பு ஓட்டுனாரு, 1908ல ஜெயில்ல போட்டு செக்கிழுக்க வச்சாவ, கம்பெனியும் போச்சு. ரெவீருக்கு நாடு விடுதலையான பிறகு தொழில் பண்ண பல வருஷம் கெடச்சுது, நம்மாளுக்கு அது கெடைக்கல.

கன்னார்தெரு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நாளைக்கு மகளை பட்டறைக்கு கூட்டிட்டுப் போயி செம்பு இறுகுறதையும் இளகுறதையும் கையில குடுத்தே காட்டுதேன்.